சென்னைக்கும் திருச்சிக்கும் ஒரு மணி நேரம்

விமான எரிபொருளுக்கும் மண்ணெண்ணெய் வாடைதான். ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போதெல்லாம் திருச்சி விமான நிலையத்தில் நான் வேலை பார்த்த டிக்கெட் கவுன்ட்டர் என் முன் வந்து நிற்கிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு, என் சித்தப்பா.

சந்தேகம் அவருக்கு இன்னொரு புலன். மடையை அடைத்தபின் வயல் தண்ணீரில் ஓர் ஈர்க்கைக் குத்திவிட்டு வருவார். விடிந்ததும் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வயல்காரரிடம் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கைநாட்டு வைக்குமுன் ஒரே காகிதத்தை மூன்று பேரிடம் தனித்தனியாக வாசிக்கக் கொடுப்பார். நாங்கள் சிரித்திருக்கிறோம். நிலம் யாருக்கு என்று கொடியும் கோஷமும் அரிவாளுமாக ஊர்கள் பிளந்து கிடந்த காலம் அது, சிரித்தது தப்பு.

உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. ஏறிவிட்டால் அவனை வயலைவிட்டு இறக்க முடியாது. தஞ்சாவூர் தாலுகா ஆபீஸில் சித்தப்பா பெயருக்கான விசாரணைக்கு முதல் நாள், அவர் குத்தகைக்கு உழுத நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையாரின் காரியக்காரர் நடவு வயலுக்கே வந்து கனிவாகச் சொன்னாராம்: "அய்யா மெட்ராஸ்ல படுத்துருக்காரு. நாளைக்கு விசாரணை தள்ளிப் போயிடும். நடவ விட்டுட்டு தஞ்சாவூருக்கு ஏன் அலையிற?"

அந்தக் கனிவுதான் சித்தப்பாவைக் கிளப்பியது. நாற்றுக்கட்டைப் போட்டது போட்டபடி பஸ் ஏறித் திருச்சிக்கு வந்துவிட்டார்.

"பண்ணை பேரு ஒன் லிஸ்டுல இருக்கா?"

இருந்தது. மறுநாள் மாலை திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களில் மூன்றாவது பெயர். மாலையில் திரும்புகிறவர் காலையில் வந்தாக வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே பண்ணையார் எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதத்தால். பயணிகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று விதி இருந்தது, அதையாவது சொல்லியிருக்கலாம்.

"இல்ல சித்தப்பா."

என் முகத்தில் ஈர்க்கைக் குத்திவிட்டு மட்டம் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"சரி. மெட்ராஸுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம்?"

"வானத்துல முந்நூறு கிலோமீட்டர் இருக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

விரலை மடக்கினார். "ராத்திரி பூரா ரயில்ல குந்தியிருந்து வர்ற தூரம்டா! அப்ப காப்பிய குடிச்சிட்டு கெளம்புனாக்கூட மத்தியானச் சோத்துக்குள்ள தாலுகா ஆபீசு வந்துடலாம். படுத்துருக்கவரு ஏரோப்ளேன்ல படுத்துக்கிட்டே வரலாம்ல?"

டீ வேண்டாம் என்று போய்விட்டார்.

மறுநாள் கதவு திறக்குமுன்பே தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். குத்தகை நெல் அளந்த ரசீதுகள் மடியில். சாட்சிக்கு அதே பக்கத்து வயல்காரர். பதினொன்றரைக்குப் பண்ணையாரின் கார் வந்து நின்றது. இவரைக் கண்டதும் கொஞ்ச நேரம் கதவே திறக்கவில்லையாம். சித்தப்பா வராதிருந்தால், இவன் வெறும் கூலியாள் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். வந்திருந்தார், பெயர் ஏறியது.

என்னை நம்பியிருந்தால் நிலம் போயிருக்கும். இத்தனை வருடமாக இந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கையைக் கிழிக்கிறது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். சித்தி சோறு போட்டாள். சித்தப்பா நடவைப் பற்றியும் ஆற்றில் தண்ணீர் வரத்தைப் பற்றியும் மட்டுமே பேசினார். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். அந்த மழைக்காலத்திலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால், அன்று பேசியதுதான் கடைசி. பஸ் வந்ததும் என் பையை உள்ளே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா இரு. ஒன் பொழப்பு எனக்குப் புரியுது. ஆனா இனிமே நான் ஏதாச்சும் கேட்டா, தெரியாதுன்னு சொல்லுடா. இல்லன்னு சொல்லாத."