மீசைக்கு ஒரு மீட்டிங்

அடையாறில் அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் எட்டுப் பேர் தங்கியிருக்கும் இல்லத்தில் நான் உதவியாளன். குளிக்க, உடுத்த, வெளியே போகத் துணைக்கு நிற்பது என் வேலை. தினமும் காலையில் எட்டுப் பேருக்கும் வரிசையாக முகம் மழித்துவிடுவேன். தாடி, மீசை எல்லாம் சுத்தம். ஆறு வருஷத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு மட்டும் முறுக்கிவிட்ட மீசை.

போன வருஷம் பயிற்சி என்று ஒரு நாள் உட்கார வைத்தார்கள். அவரவர் விருப்பத்தை அவரவரிடமே கேட்டு எழுத வேண்டுமாம், அது அவர்கள் உரிமையாம். படிவமும் கொடுத்தார்கள். நான்தான் கில்லாடியாயிற்றே. டீ ஆறுவதற்குள் எட்டுப் படிவத்தையும் முடித்துவிட்டேன். எட்டுப் பேருக்கும் ஒரே விருப்பம்: பாட்டுக் கேட்பது, பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவது. எட்டுப் பேரும் ஒட்டிப் பிறந்தவர்களா என்று கேட்டு, மேனேஜர் மூஞ்சியில் அடிக்காத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

சரி, கேட்டுத் தொலைப்போம் என்று முதலில் மயிலாப்பூர்க்காரரிடம் போனேன். நாற்பத்து மூன்று வயது. அக்காவும் அத்திம்பேரும் இன்னும் மாட வீதியில்தான் இருக்கிறார்கள். இவர் என்னிடம் கற்ற ‘நைனா’வைத் தவிர மற்றதெல்லாம் வீட்டுப் பேச்சுதான் பேசுவார். உங்களுக்கு என்ன வேணும் என்றேன். என் முகத்தையே பார்த்தார். கையை நீட்டி என் மீசையைத் தொட்டார்.

“இது.”

சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. எழுதிக்கொண்டேன்.

மீசை அரும்பி மூன்றாவது வாரம் அக்கா வந்தார். பார்த்ததும் பதறிப்போனார். அடுத்த மாதம் தி.நகர் மண்டபத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். போட்டோவில் இந்தக் கோலத்திலா நிற்பது, சாப்பிட்டால் சாம்பார் ஒட்டாதா என்றார். “கொழந்தைக்கு என்ன தெரியும்? எடுத்துடுங்கோ.”

உடனே மீட்டிங். மேனேஜர், டாக்டர், அத்திம்பேர், நான். நான்கு மீசைகள் உட்கார்ந்து ஐந்தாவது மீசை தேவையா என்று ஒரு மணி நேரம் பேசின. டாக்டர் சுகாதாரம் என்றார். மேனேஜர் எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணம் வரைக்கும் எடுத்துவிடலாம், பிறகு வளர்த்துக்கொள்ளட்டும் என்று அத்திம்பேருக்கு ஜால்ரா தட்டினேன். வெட்கங்கெட்டவன். மீசைக்குச் சொந்தக்காரர் எங்கள் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. பிஸ்கட் தீர்ந்ததும் வாயைத் துடைத்தார், மீசையையும் சேர்த்து. அத்திம்பேரைப் பார்த்தார்.

“நீங்க எடுங்கோ. அப்றம் நான் எடுக்கறேன்.”

அத்திம்பேரின் கை தானாக மீசைக்குப் போனது. மீட்டிங் அதோடு முடிந்தது. கல்யாணப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அந்த மீசை இருக்கிறது. ஒன்றிரண்டில் பாயசத்தோடு.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னவோ நானே சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி, வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் மீசையைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். தினமும் எண்ணெய் தடவி, சீப்பால் வாரிவிட்டேன்.

சித்திரை வெயில் வந்தது. ஒரு காலை, கன்னத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மீசையைக் காட்டி, எடுத்துவிடு என்றார். அரிக்கிறதாம். எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேரை எதிர்த்து வைத்த மீசை, இப்போது எடுப்பதாவது?

“இன்னா சார், இம்மாம் அழகா கீது. எடுக்கவே கூடாது, கம்முனு இருங்க” என்றேன்.

கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். கோபம்கூட இல்லை.

“யார் மூஞ்சி, நைனா?”

பிரஷ்ஷை நனைத்தேன். மேலுதட்டுக்கும் சோப்பு போட்டேன்.