மூன்று டம்ளர் உப்புத் தண்ணீர்

"மதியம் 12.40. மச்சான் தவறுதலாகக் காஸ்டிக் சோடாத் தண்ணீரைக் குடித்துவிட்டார். உப்புத் தண்ணீர் மூன்று டம்ளர் கொடுத்தேன். நன்றாக வாந்தி எடுத்தார்." 1994ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஏப்ரல் மாதப் பக்கமொன்றில் என் கையெழுத்தில் இருக்கிறது இது. கோவையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டர் கூப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு எழுதியது.

மச்சான் என்பது என் அக்காவின் கணவர். ஈரோட்டில் வீட்டை ஒட்டியே சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தார். நான் எதையும் நேரத்தோடு குறித்து வைப்பது அவருக்குத் தீராத வேடிக்கை. "ஏனுங்க மாப்ளே, நாந் தும்முனதையும் எழுதிப்போட்டீங்களா?" என்பார். அன்று காலை நூல் வெளுப்பதற்காகக் காஸ்டிக்கைக் கரைத்து, எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தவர் அவரேதான். வெயிலில் நூலைக் காயப்போட்டுவிட்டு வந்தவர், அதை மறந்து, சொம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். எச்சில் படாமல் குடிப்பதில் அப்படியொரு சுத்தக்காரர். உதட்டில் வைத்துக் குடித்திருந்தால் துப்பியிருப்பார். நேராகத் தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் சொம்பு கீழே விழுந்தது.

அன்று அங்கே வந்திருந்த நான் தயங்கவே இல்லை. தாராபுரம் பக்கம் பருத்திக்காட்டில் வளர்ந்தவன் நான். பூச்சிமருந்து உள்ளே போனவரை உப்பைக் கரைத்துக் கொடுத்துக் கக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மச்சான் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஊற்றினேன்.

"வாந்தி எடுக்க வெச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு தடவைங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பேனா நின்றது. "உள்ள போறப்ப ஒருக்கா வெந்திருக்கும். வெளிய வாரப்ப மறுக்காவும் வெந்திருக்குமுங்க. வாந்தி எடுக்கவே வெக்கக் கூடாது. அப்படியே தூக்கிட்டு வந்திருக்கோணும்."

அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். கேட்டது நான் மட்டுமே.

உணவுக்குழாய் சுருங்கிப்போனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாய் விட்டு அகலப்படுத்துவார்கள். அடுத்த முறைக்குள் மறுபடி சுருங்கிவிடும். வயிற்றில் துளையிட்டு வைத்த ரப்பர் குழாயில் அக்கா கஞ்சி ஊற்றுவாள். காப்பியை மட்டும் அவர் விடவில்லை. ஒரு வாய் வாங்கி, வெகுநேரம் நாக்கில் வைத்திருந்து, கிண்ணத்தில் துப்புவார். சனிக்கிழமைதோறும் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. ஒருநாள் கம்மிய குரலில், "மாப்ளே, அன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டீங்க" என்றார். அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாட்குறிப்பிலும் அதை எழுதவில்லை.

96ஆம் ஆண்டு தை மாதம் மச்சான் இறந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்: "எந்தம்பி மட்டும் இல்லீன்னா அன்னைக்கே போயிருப்பாருங்க."

பல வருடம் கழித்து மருத்துவமனையில் அவருடைய பழைய காகிதங்களைக் கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை என்றார்கள். அந்தத் தொண்டையில் எவ்வளவு சொம்பால் வெந்தது, எவ்வளவு என்னால் வெந்தது என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை. "நன்றாக வாந்தி எடுத்தார்" என்ற வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: சரிபார்க்க முடியவில்லை.