தடைக்காலத்தின் கடைசி மாலை

எங்கள் கோடை நாடக விழா ஐந்து மாலைகள் நடக்கும். நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது பல வருடங்களாக என் வேலை. எந்தக் குழு, எந்த நாள், எத்தனை மணி, மேடைக்கு எத்தனை நாற்காலி என்று டைரியில் எழுதிச் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.

இந்த வருடம் முதன்முறையாக வைத்திக்குப்பத்து மீனவர்கள் ஏழு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும் இரண்டு மாதமும் ஒத்திகை பார்த்து, ஒரு கல்யாண வீட்டுக் கலாட்டாவை நாடகமாக்கியிருந்தார்கள். அவர்களுக்கு நிறைவு நாளைக் கொடுத்தேன். அதுதான் தடையின் கடைசி நாளும். காலண்டரில் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். தடை முடிவது நள்ளிரவில், நாடகம் மாலை ஆறரைக்கு.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, அச்சான நிரலை வாங்க அந்தக் குழுவின் தலைவர் வந்தார். நின்றபடியே படித்தார்.

“இன்னாக்கா, கடசி நாளா போட்டுட்ட?”

“மரியாதையாத்தான் போட்டேன். தடை ராத்திரிதானே முடியுது?”

“பன்னண்டுக்கு முடியுது, செரி. ஐஸ் யாரு ஏத்துவா? டீசலு, வலை, அரிசி எல்லாம் அன்னிக்கு சாயங்காலந்தான் ஏறும். ரெண்டு மாசம் சும்மா கெடந்துட்டு மொத நாளே எவனாவது லேட்டா போவானா?”

“அப்ப நாடகம்?”

“எங்கள எடுத்துடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

சொல்லிவிட்டு நிரலை மடித்தார். மறுபடி பிரித்துத் தங்கள் குழுவின் பெயரைப் பார்த்தார். தடை முடியும் நேரம் எனக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை துறைமுகத்தில் என்ன நடக்கும் என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

நடுவில் மூன்று நாளும் வெளியூர்க் குழுக்கள், மாற்ற முடியாது. தொடக்க நாளில் பிரெஞ்சு நகைச்சுவை நாடகம், நடிப்பவர்கள் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுடைய தலைவருக்கு அப்போதே போன் செய்தேன். பிரெஞ்சு ஆசிரியராக இருந்தவர், தெருவே அவரை முசியே என்றுதான் கூப்பிடும்.

“தாராளமா மாத்திக்கம்மா. எங்க ஆளுங்களுக்கு முட்டி வலி. இன்னும் நாலு நாள் தைலம் தடவிக்கறோம்.”

மீனவர் பக்கம் திரும்பி, “ஒரே வாரத்துல தயாராயிடுவீங்களா?” என்றேன்.

“வசனமெல்லாம் பாடம். கல்யாணப் பொண்ணுதான் இன்னும் மீசைய எடுக்கல. எடுடான்னா அழுவறான்.”

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. ஒன்றைத் தவிர எல்லா நிரலிலும் சிவப்புப் பேனாவால் நானே அம்புக்குறி போட்டு இரண்டு நாடகங்களையும் இடம் மாற்றினேன்.

தொடக்க நாள் மாலை மணப்பெண் மழமழவென்ற முகத்தோடு மேடைக்கு வந்தபோது, வைத்திக்குப்பத்துப் பெண்கள் விசிலடித்தார்கள். அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

நாடகம் முடிந்ததும் மீனவர் தலைவரிடம் அந்தத் திருத்தாத நிரலை நீட்டினேன். சுத்தமான பிரதி என்று எடுத்து வைத்திருந்தேன்.

“இதுல நாங்க கடசி நாளுலதான கீறோம்? அம்பு போட்டத குடுக்கா. எங்க படகுல ஒட்டணும்.”

நிறைவு நாளில் முதல் வரிசையில் மீனவர் தலைவரின் மனைவியும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. முசியே குழுவினர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.