முழங்கைக்கு மேல் ஓர் எழுத்து

பதினாறு வயதில் வலது கையில் பச்சை குத்திக்கொண்டேன். முழங்கைக்கு மேலே, உள்பக்கமாக, ரவிக்கைக் கை மறைக்கிற இடத்தில், ‘க’ என்று ஓர் எழுத்து. அது என் தோழியின் பெயரில் முதலெழுத்து. அவள் கையில் அதே இடத்தில் என் பெயரின் முதலெழுத்தான ‘ரா’ இருந்தது.

இருவரும் மைசூரில் ஒரே பள்ளிக்கூடம். அவளுடைய அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து சந்தைப்பேட்டையில் தானியக் கடை வைத்திருந்தார். என் அப்பா ரயில்வே குமாஸ்தா. எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். படிப்பு முடிகிற வருஷம், தசராக் கூட்டத்தில், மார்க்கெட் வாசலருகே பச்சை குத்துகிற பெண்ணொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நாங்கள் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினோம். அவள் அதை ஒரு படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, சேர்த்துக் கட்டிய ஊசிகளைக் கரிக்குழம்பில் தோய்த்தாள்.

“பயப்படாதே கணே, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்றாள் தோழி, ‘அடி’ என்பதற்குக் கன்னடத்தில் ‘கணே’ போட்டு. முதலில் அவள்தான் கையை நீட்டினாள். அவளுக்குக் குத்திய ஊசியைக் கழுவாமலே எனக்கும் குத்தினாள் அந்தப் பெண். அது எங்களுக்குத் தப்பாகத் தோன்றவில்லை. ஒரே ஊசி என்பது நட்புக்குப் பொருத்தமாகக்கூடப் பட்டது.

அவளுக்கு நாலு நாளில் ஆறிவிட்டது. எனக்குச் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கட்டுப் போட்டார்கள். அம்மா அடிக்கவில்லை. “இதைக் கேட்டுட்டுச் செய்யணும்னு உனக்குத் தோணவே இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். தோன்றியிருந்தால் மறைவான இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம்.

பிறகு நான் மைசூரிலேயே நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தோழிக்குக் கொள்ளேகாலுக்கு அருகே, பட்டுப்பூச்சி வளர்க்கிற ஒரு குடும்பத்தில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை எட்டாவது வரை படித்தவர். யுத்த காலம் அது. கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அவள் எங்கள் விடுதிக்கு வந்தாள். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

“ஆடிக்குன்னு இங்க கொண்டுவந்து விட்டாங்க. ஆவணி பாதி ஆயிடுச்சு. கூட்டிட்டுப் போக யாரும் வரல்லே.”

“ஏன்?”

அவள் ரவிக்கைக் கையைத் தொட்டுக் காட்டினாள். “இதைப் பார்த்துட்டாரு. யாருன்னு கேட்டாரு. என் ஃபிரெண்டுன்னேன். ஃபிரெண்டு ஆம்பளையா பொம்பளையான்னாரு. சொன்னேன். நம்பல. அதுக்கப்புறம் கேக்கவே இல்லே, பேசவும் இல்லே.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் அவள் கணவன்மேல். ஆனால் யோசித்துப் பார்த்தால், ‘ரா’ என்று தொடங்கும் ஆண்பெயர் தெருவுக்குப் பத்து இருக்கும். தெரிகிற இடத்தில் இருந்திருந்தால் பெண் பார்க்க வந்தபோதே கேட்டிருப்பார்கள், பதிலும் சொல்லியிருக்கலாம். நாங்கள் மறைத்ததுதான் அந்த எழுத்துக்கு இல்லாத அர்த்தத்தைக் கொடுத்தது.

“உங்கப்பாகிட்ட சொல்லு. நானும் வர்றேன்” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் அந்த நாளில் பஸ்ஸெல்லாம் கரிவாயுவில் ஓடும். நரசீபுரம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றது. அவளுடைய அப்பா வழி முழுக்க முகத்தில் படிந்த கரியைக்கூடத் துடைக்கவில்லை.

அந்த வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. தோழியின் கணவர் சுவரோரம் நின்றார். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். அவரைப் பார்த்தால் கோபக்காரராகத் தெரியவில்லை. பல நாள் சரியாகத் தூங்காதவர் போல இருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “அந்த ‘ரா’ நான்தான்” என்று சொல்லி, ரவிக்கைக் கையை ஏற்றி என் ‘க’வைக் காட்டினேன்.

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். “நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங். இத இப்பக்கூடக் குத்திக்கிட்டு வந்திருக்கலாமில்லீங்?”

அவர் அப்படிக் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. நம்ப விரும்புகிறவன்தான் அப்படிக் கேட்பான் என்று பட்டது. புதிதாகக் குத்தினால் கறுப்பாக இருக்கும், வருஷமானால்தான் பச்சை ஏறும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அவருடைய அம்மா உள்ளேயிருந்து வந்தார். அவருடைய இரண்டு முன்கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புள்ளியும் கோலமுமாகப் பச்சை.

“அம்மிணி, ரெண்டு பேரும் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க.”

வாசலில் நிற்கவைத்து எங்கள் கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலால் இரண்டு எழுத்துகளையும் அழுத்தித் தேய்த்தார். என் தழும்பைத் தடவி, “இது சீழ் புடிச்சுதா?” என்றார். ஆமாம் என்றேன்.

“ரெண்டும் ஒரே கை குத்துனது. புள்ளி எறக்கியிருக்கற தினுசப் பாரு. பழசுதான்டா, நாலு வருசம் ஆயிருக்கும்” என்று மகனிடம் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, “எங்க காலத்துல பூவும் தேருந்தான் குத்துவோம். அதுக்கு யாரும் அர்த்தம் கேக்க மாட்டாங்க. படிச்ச புள்ளைக, எழுத்தப் போய்க் குத்தியிருக்கறீங்க” என்றார்.

மகன் தரையைப் பார்த்தபடி, “எனக்குப் படிக்கத் தெரிஞ்சதுதான் வெனையாப் போச்சுங்” என்றார். தோழியின் அப்பா அப்போதுதான் மோரை எடுத்துக் குடித்தார்.

அவளை விட்டுவிட்டு நானும் அவளுடைய அப்பாவும் மாலை பஸ்ஸில் திரும்பினோம். மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து கார்டு வந்தது. மாமியார் ஒரு பெண்ணை வரவழைத்து, அந்த எழுத்தின்மேல் துளசி மாடம் குத்தவைத்துவிட்டாராம். முன்னைவிட வலித்ததாம். ‘இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் காதுப் புண், மூக்குப் புண், பச்சை குத்திய புண் என்று இளம்பெண்கள் வருவார்கள். கட்டுப் போடும்போது ஊசியைக் கொதிக்கவைத்தார்களா என்று விசாரிப்பேன். குத்திக்கொள்ளாதே என்று யாரிடமும் சொன்னதில்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறாயோ, அவரிடம் முதலில் சொல்லிவிட்டுக் குத்திக்கொள் என்பேன். சிலர் சிரிப்பார்கள்.

எனக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை மிஷன் பள்ளி ஆசிரியர். அவர் கேட்குமுன் நானே கையைக் காட்டி, அது யாருடைய எழுத்து என்று சொன்னேன். நல்ல உருண்டையான ‘க’ என்றார் அவர். பிறகு, “அவங்க இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

“கொள்ளேகால் பக்கம். ரெண்டு குழந்தை. கடிதம் எழுதறது குறைஞ்சுபோச்சு” என்றேன்.

“கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க” என்றார்.

அவள் கணவரோடு வந்திருந்தாள்.