கதிரை சீனியோரிட்டியில் வரும்

பல்கலைக்கழக விடுதிக்குப் போன இரண்டாம் நாள், மூத்த மாணவிகள் எங்களை வரிசையில் நிறுத்தி, படித்து முடித்து என்ன ஆகப் போகிறீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். முன்னால் நின்றவர்கள் அடக்கமாகப் பதில் சொன்னார்கள். ஒருத்தி ஆசிரியை என்றாள். ஒருத்தி கடவுள் விட்ட வழி என்றாள். எனக்கு அடக்கம் அவ்வளவாக வராது. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா கையெழுத்து மட்டும் வைப்பார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆளே நான்தான். அப்படிப்பட்டவள் அக்கராயனிலிருந்து விவசாய பீடத்துக்கு வந்துவிட்டுச் சிறிதாக ஆசைப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"மாகாண விவசாயப் பணிப்பாளர்" என்றேன்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இறுதி வருடத்து அக்கா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பணிப்பாளர் இருக்கட்டும் தங்கச்சி. முதல்ல ஒரு கதிரை கிடைக்குதோ எண்டு பாப்பம்."

உண்மையில் என் ஆசையும் கதிரையில்தான் தொடங்கியது. எட்டு வயதில் அப்பாவோடு உர மானியப் படிவம் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரி சுழல் கதிரையில் இருந்தார். பின்னால் அலுமாரியில் இருந்த கோப்பை எடுக்க அவர் எழும்பவில்லை. அரை வட்டம் சுற்றினார், எடுத்தார், திரும்பச் சுற்றினார். அப்பா அவ்வளவு நேரமும் நின்றார். என் எதிர்காலம் அந்த அரை வட்டத்தில் முடிவாகிவிட்டது.

பீடத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு தளபாடம் மனதில் இருந்தது. என் அறைத்தோழி முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவள், மீன்பிடிக் குடும்பம். குளிரூட்டி உள்ள எந்த வேலையும் சம்மதம் என்பாள். விவசாயத்தின் மேல் எங்களுக்கு இருந்த காதல் நாற்று நடும் செய்முறைப் பாடத்தில் வெளிப்பட்டது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சேற்றில் இறங்கியது படம் எடுத்து முடியும்வரைதான். பின்னேரம் எல்லோருடைய முகநூலிலும் உழவைப் போற்றும் வாசகங்கள் வந்தன. மீதி வரிசைகளை நானும் அறைத்தோழியும் நட்டோம். வரிசை கோணல் என்று எங்கள் இருவருக்கும் புள்ளி குறைந்தது.

கன்டீனுக்குப் பின்னால் நின்ற வேப்பமரங்கள் காதல் சோடிகளுக்கு உரியவை. அங்கேயும் சீனியோரிட்டிதான். மூன்றாம் வருடம் வரும்வரை வெயிலில் நின்றுதான் காதலிக்க வேண்டும். நிழல் கிடைப்பதற்குள் பல சோடிகள் பிரிந்துவிட்டன.

இறுதி வருடத்தில் என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஒரு விவசாய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே போனால், என்னைப் பார்த்துச் சிரிக்காத அதே அக்கா. பட்டம் பெற்று, வேலை கேட்டு மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் போராட்டப் பந்தலில் பல மாதம் இருந்து, நியமனம் பெற்று வந்திருந்தார். பந்தலிலாவது இருக்க இடம் இருந்தது என்று சொன்னார். அலுவலகத்தில் ஒன்பது உத்தியோகத்தர்கள், ஆறு கதிரைகள். கைப்பையை வைத்துவிட்டால் அதில் ஆள் இருப்பதாகக் கருத வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வரும் ஒருவரின் சுழல் கதிரை, பத்து மணிவரை அக்காவுக்கு. எனக்கு விதைநெல் மூட்டை தந்தார்கள். முளைதிறன் நல்ல நெல் என்று அக்கா ஆறுதல் சொன்னார்.

அந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் குறைவு. வறண்ட பருவத்துச் சிறுபோகத்துக்கு நெல்லுக்குப் பதிலாகப் பயறு போடும்படி கமக்காரர்களைக் கேட்க வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டம் எங்கள் ஊரில். பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டு, பயறு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். கைநூலில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும், விவாதம் கூடாது. என் பயிற்சிக்குப் புள்ளி போடுபவர் அவர். அந்தப் புள்ளி குறைந்தால் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலை போய்விடும். அது போனால் பணிப்பாளரும் போய்விடுவார்.

எனக்குப் பயம் அதிகாரியில் இல்லை, அப்பாவில். கூட்டத்தில் கேள்வி கேட்காமல் வீடு திரும்பிய சரித்திரம் அவருக்கு இல்லை. கேள்வியும் தயாராக இருந்தது. முந்திய சிறுபோகத்தில் நாங்கள் பயறு போட்டோம். பக்கத்து வயலில் நெல். அவர்களின் தண்ணீர் கசிந்து வந்து எங்கள் பயறு முழுவதும் அழுகிவிட்டது. கைநூலில் கசிவு பற்றி ஒரு வரியும் இல்லை. கூட்டத்துக்கு முதல் நாள், அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வைத்து அப்பாவிடம் கெஞ்சினேன். கேட்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அவ்வளவு விரைவாகக் கொடுத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் முன் மேசைக்கு விரிப்பு விரித்து, தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். அழைக்காத ஒரு அரசியல் பிரமுகரும் அவருடைய ஆட்களும் வந்து இருந்துவிட்டதால், கதிரை உத்தியோகத்தர்களுக்கே போதவில்லை. நான் மேசையோரமாக நின்றேன். அறைத்தோழி இரண்டு நாள் பாடுபட்டுச் செய்து தந்து, நான் திரையில் விழுத்திய வண்ணப் படங்கள், வெயில் வெளிச்சத்தில் வெள்ளைச் சீலையாகவே தெரிந்தன. வாயால் பேசினேன். பயிர் பல்வகைப்படுத்தல் என்றேன். சந்தை வாய்ப்பு என்றேன். அப்பா கைகட்டி, நல்ல பிள்ளைபோல இருந்தார்.

முடிக்கும் நேரத்தில், அவருக்குப் பக்கத்தில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, எழும்பினார். அவர் கூட்டத்தில் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"பிள்ளை, பக்கத்து வயலில நெல்லு நிண்டால்..." என்று தொடங்கி, நின்று, அப்பாவைக் குனிந்து பார்த்தார். அப்பா உதட்டை அசைத்தார். "ஓம், கசிவு. கசிவு வந்தால் என்ர பயறு என்ன ஆகும்?"

பொறுப்பதிகாரி என் பக்கம் சரிந்து, மண்ணைப் பொறுத்தது என்று சொல்லச் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் பதில் அது. மாமாவையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அழுகும் மாமா. எங்கட வயலில அழுகினது. ஒரு வாய்க்காலில இருக்கிற எல்லாரும் சேர்ந்து போடுறதெண்டால் பயறு போடுங்கோ. ஒராள் நெல்லு, ஒராள் பயறு எண்டால் போடாதேங்கோ."

அதற்குப் பிறகு நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. யார் நெல்லை விடுவது என்று ஒரு மணித்தியாலம் சண்டை. கடைசியில், தண்ணீர் எப்போதும் பிந்திப் போகும் கடைவாய்க்கால்காரர் மட்டும் சேர்ந்து பயறு போட ஒப்புக்கொண்டார்கள். பொறுப்பதிகாரியின் சிறந்த வழிகாட்டலில் இம்முடிவு எட்டப்பட்டதாக அறிக்கையில் எழுதப்பட்டது.

வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தீர்களே என்றேன்.

"நான் வாய் திறந்தனானே?" என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "ஏன் பிள்ளை, இவ்வளவு படிச்சும் உன்னை நிக்க வைச்சுட்டாங்கள்?"

"கதிரை சீனியோரிட்டியில வரும் அப்பா."

அடுத்த வாரம் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. தொடர்பாடல் மிக நன்று. வயல் அறிவு மிக நன்று. அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படல், மிகக் குறைவு. கூட்டிப் பார்த்தேன். மேல்நிலைக்கு இரண்டு புள்ளி குறைவு.

அக்கா படிவத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு சுழல் கதிரையிலிருந்து எழும்பி, அதில் சாய்த்து வைத்திருந்த தன் கைப்பையை எடுத்தார்.

"இரும் பணிப்பாளர். பத்து மணிக்கு எழும்பிவிடோணும்."

இருந்தேன். அரை வட்டம் சுற்றிப் பார்த்தேன். எண்ணெய் விடாத கதிரை, பெரிய சத்தம் போட்டது. முழு வட்டமும் சுற்றினேன்.