காறை எலும்பு

தாம்பரத்தில் நான் படித்த பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது ஒரு பொம்மையை. டிராயிங் மாஸ்டர் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, வயிற்றைத் திறந்து வைத்து, ஈரலுக்கு மேல் வார்னிஷ் வேறு அடித்திருந்தார். 'கெட்டுப்போகாம இருக்க மருந்து போட்டிருப்பாங்க' என்று ஒரு அம்மாள் தன் குழந்தையின் கண்ணை மூடினாள். பக்கத்தில் தொங்கிய எலும்புக்கூட்டை யாரும் சட்டை செய்யவில்லை. பழுப்பேறி, சதை ஒட்டும் இடங்களில் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் பூசி, அது ஏதோ கடைச் சாமான் மாதிரி இருந்தது. குச்சியோடு அதன் அருகே நின்று விளக்கம் சொல்லும் வேலை ஆறாம் வகுப்பிலிருந்த எனக்கு. எனக்கும் அது பிளாஸ்டிக் என்றுதான் எண்ணம்.

சித்தப்பா வந்துதான் காரியத்தைக் கெடுத்தார். மருந்துக் கம்பெனி ரெப்பாக ஊர் சுற்றுகிறவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, அதன் விரல் நுனியில் நாக்கை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"ஒட்டுச்சுன்னா நிஜ எலும்பு. பிளாஸ்டிக் ஒட்டாது."

ஒட்டியது. லேசாகப் பிடித்து இழுத்தது. நான் குழாயடிக்கு ஓடித் துப்பித் தீர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கேட்க ஆளில்லாத பிணங்களைத்தான் இப்படி ஆக்குவார்கள் என்று உபரியாக ஒரு தகவலும் கொடுத்தார்.

முடிச்சூர் வீட்டில் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பிணத்தைத் தொட்டால் தீட்டு, நக்கினால் என்ன கணக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. யூனிஃபார்மோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சித்தப்பாவைத் திட்டினாள். துண்டோடு வந்த அத்தை நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்க ஆளில்லாத பொணம்னா... ஆம்பளையாடீ?" என்றாள்.

அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா மனை புரோக்கர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கூடுவாஞ்சேரியில் ஒரு இடத்தைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவேயில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம், குன்றத்தூர் முருகனுக்கு வேண்டுதல் எல்லாம் ஆகிவிட்டது. அத்தை தினமும் குளித்துவிட்டுக் குங்குமம் வைத்துக்கொள்வாள். ஆனால் கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு அவளருகே வரும்போது, நீட்டுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கும். அதற்குப் பயந்தே அவள் விசேஷங்களுக்குப் போவதை விட்டிருந்தாள்.

மறுநாள் கண்காட்சிக்கு அத்தை வந்தாள். பளபளக்கும் பொம்மையைத் திரும்பியும் பார்க்காமல் எலும்புக்கூட்டின் முன்னால் போய் நின்றாள். எப்போதோ வண்டியிலிருந்து விழுந்ததில் மாமாவுக்குக் கழுத்துக்குக் கீழே இடது காறை எலும்பு உடைந்து, கொட்டைப்பாக்கு அளவு புடைப்போடு கூடியிருந்ததாம். அத்தையின் விரல் அந்த எலும்பின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று.

"தொடக்கூடாதும்மா," என்று சயின்ஸ் சார் வேகமாக வந்தார்.

"இது ஆம்பளையா சார்?"

"இல்லம்மா, லேடிதான். இடுப்பெலும்பு எவ்ளோ அகலமா இருக்கு பாருங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அத்தை கையை எடுத்துக்கொண்டாள். அந்த மண்டையோட்டை நிமிர்ந்து பார்த்து, "யார் பெத்த பொண்ணோ," என்று மட்டும் சொன்னாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை.

"அத்தை, அது மாமா இல்லையே. அப்புறம் ஏன் அழறீங்க?"

"இல்லன்னுதாண்டீ அழறேன்."

பாவம், அத்தை அதிகம் படிக்காதவள், சார் சொன்னது சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆணின் இடுப்பெலும்புக்கும் பெண்ணின் இடுப்பெலும்புக்கும் உள்ள வித்தியாசத்தை, முடிச்சூர் வரும்வரை அவளுக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தேன்.