நான்கு மீட்டர் குறைந்த கேபிள்

என் தம்பியைக் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பெருமைதான். ஆனால் அவசரக்குடுக்கை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன். பதினோரு வருடம் வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கேபிள் இழுத்தவன் அவன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், ஒரு மாதம் இருப்பான், போய்விடுவான். போன வருடம் ஒரேயடியாகத் திரும்பி வந்து பெட்டியோடு வாசலில் நின்றபோது அவனுடைய ஒன்பது வயது மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அப்பாதான் கண்ணு, போய்ப் பேசு" என்றேன். "இப்பவே என்ன பேசறது அத்தை, ஞாயித்துக்கிழமை போன்ல பேசறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அன்று சாயங்காலமே என்னிடம் வந்து, இனிமேல் விமானம் ஏற மாட்டேன் என்று சொன்னான்.

அப்படித்தான் வீட்டின் முன்னறையில் அவனுடைய கம்பெனி பிறந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் மூன்று பேர். தம்பி, அவன் மனைவியின் தம்பியான மச்சான், போன் எடுக்க நான். அவன் மனைவி துணிக்கடையில் நிற்கிறாள், அவளுக்குச் சனி ஞாயிறு கிடையாது. பத்து மாதம் கடைகளுக்குக் கேமரா மாட்டினோம், அலுவலகங்களுக்கு வயர் இழுத்தோம், மீதி நாட்களில் ஈ ஓட்டினோம். ஆனால் மகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் பக்கம் வந்தாள். முதலில் சைக்கிள் செயினை மாட்டித் தரச் சொன்னாள். பிறகு வீட்டுப்பாடம். பிறகு என்னை விட்டுவிட்டு அவன் தோளில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பழைய கம்பெனி விடவில்லை. உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் வருவதாகச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். அதே வாரம்தான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. பழைய கட்டிடத்தையும் புதிய கட்டிடத்தையும் ஃபைபர் கேபிளால் இணைக்க வேண்டும். இது சரியாக வந்தால் அதே நிர்வாகத்தின் இன்னும் நாலு கட்டிடங்கள் எங்களுக்கு. வந்தால் தம்பி இங்கே இருப்பான், வராவிட்டால் போய்விடுவான். இது வீட்டில் குழந்தை உட்பட எல்லாருக்கும் தெரியும்.

ஃபைபரில் இரண்டு வழி உண்டு. டிரம்மில் சுற்றிய கேபிளை மொத்தமாக வாங்கி, இழுத்து, வேண்டிய இடத்தில் வெட்டி, முடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து ஒட்டுவது ஒரு வழி. அதற்கு மெஷின் வேண்டும், பழகிய கை வேண்டும், நாள் பிடிக்கும். இன்னொரு வழி, நீளத்தைச் சொல்லிவிட்டால் தொழிற்சாலையிலேயே இரண்டு முனையிலும் பிளக் வைத்து, சோதித்து அனுப்பிவிடுவார்கள். இழுத்துச் சொருகினால் முடிந்தது.

தம்பி இரண்டாவது வழிதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். "நம்மள மாதிரி மூணு பேர் இருக்கற கம்பெனிக்கு இதுதான் அக்கா சரி. மத்தவங்க ரெண்டு வாரம் கேக்கறாங்க. நான் ஒரே நாள்ல முடிச்சுக் காட்டறேன்."

"டிரம்னா நீளம் கூடக்குறைய இருந்தாலும் சமாளிச்சுக்கலாம் மாமா" என்றான் மச்சான்.

"அளந்து வாங்கறவனுக்கு எதுக்குடா சமாளிப்பு?"

அவன் சொன்னது நியாயம்தான். இன்றைக்கும் நான் அதையேதான் சொல்வேன். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளருக்கும் பிடித்துப்போயிற்று. நோயாளிகள் குறைவாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். தம்பி அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய், குழாய் போகும் வழியெல்லாம் அளந்து, மாடி ஏறுவதையும் கூட்டி, இருநூற்று எண்பத்தாறு மீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தான். "நாலு மீட்டர் கூடவே போட்டுச் சொல்லிட்டேன், போதுமா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு என்ன தெரியும்? போதும் என்று தலையாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிய கட்டிடத்து மூன்றாவது மாடியில், மெஷின் அறையில் நான் நின்றேன். கூரையோரம் சுவரில் ஒரு துளை. எதிர்ச் சுவரில், கேபிளைச் சொருக வேண்டிய இரும்பு அலமாரி. துளை வழியாகக் கேபிள் வரும், வந்ததும் போனில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. மதியம் இரண்டு மணிக்கு, சாக்ஸ் போட்டது போல உறை மாட்டிய முனை எட்டிப் பார்த்தது. "வந்துடுச்சுடா!" என்று கத்தியே விட்டேன். அது ஒரு சாண் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. இன்னும் விடு என்றேன் போனில். விடுகிறதுக்கு இனிமேல் இல்லை என்றான் மச்சான்.

தம்பி மூச்சிரைக்க மாடியேறி வந்து பார்த்தான். துளைக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு மீட்டர் வெறும் காற்று. தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவன், போட்டு முடித்ததும் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான். வழியில் பூமிக்குள் மூன்று குழிகள். பின்னால் உதவும் என்று ஒவ்வொரு குழியிலும் கேபிளை ஒரு வளையம் சுற்றிக் கட்டி வைப்பது வழக்கம். பழக்கதோஷத்தில் மூன்றிலும் சுற்றிக் கட்டிவிட்டான். அந்த வளையங்கள் எட்டு மீட்டரைத் தின்றுவிட்டன. கூடுதலாகச் சொன்ன நாலு போக, நாலு குறைவு. பதினோரு வருடமும் அவன் கைக்கு வந்த தாளில் வளையத்தையும் சேர்த்தே நீளம் போட்டிருந்தது. ஆபீசில் உட்கார்ந்து அதைக் கூட்டியவன் எவனோ. இவன் இழுத்தவன் மட்டும்தான்.

"ரெண்டு குழியில வளையத்தை அவுத்து விட்டுடறோம் சார். எட்டிடும்" என்றான். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு நான் கதவைப் பூட்டணுங்க."

மச்சான் கீழே ஓடினான். பக்கத்துக் குழியில் வளையத்தின் கட்டை அறுத்துவிட்டுப் போன் செய்தான். நானும் தம்பியும் சேர்ந்து இழுத்தோம், இரண்டரை மீட்டருக்கு மேல் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஒன்றரைதான். மச்சான் அடுத்த குழிக்குப் போனான். பத்து நிமிடம் ஆயிற்று. தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான், அவன் எடுக்கவில்லை.

"இந்நேரம் அவுத்திருப்பான். பிடி அக்கா."

"அவன் சொல்லட்டும்டா. கொஞ்சம் பொறு."

"மணி ஆகுது. பிடி!"

பிடித்தேன். அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது. மாட்டேன் என்று கையை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. இரண்டு பேரும் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தோம். முதலில் அசையவில்லை. பிறகு விறைப்பாக ஒரு முழம் வந்தது. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் போன் அடித்தது. இரும்பு மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்ததாம், இரண்டு கையாலும் நெம்பிக்கொண்டிருந்ததால் மச்சான் போனை எடுக்கவில்லை. "மூடி இப்பத்தான் வந்துச்சு. யாரு மாமா இழுத்தது? வளையம் கட்டோட இறுகி முடிச்சாயிடுச்சு."

மச்சான் பழைய கட்டிடத்துக்கு ஓடிப்போய் ஒவ்வொரு இழைக்குள்ளும் சிவப்பு வெளிச்சம் விட்டான். இந்த முனையில் நாங்கள் எண்ணினோம். பன்னிரண்டு இழையில் ஏழுதான் சிவந்தது. தம்பி பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். உடைந்த கண்ணாடி துடைத்தால் சேருமா? மேற்பார்வையாளர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சாமான்களை எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

புதுக் கேபிள் வர ஐந்து வாரமாகும். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது, ஆனாலும் கெஞ்சினேன். நிர்வாகம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது என்றார் மேற்பார்வையாளர். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். புதிதாக வந்தவர்களும் தொழிற்சாலைக் கேபிளே போடப்போகிறார்களாம், அந்த வழிதான் நல்லது என்று அவர்களுக்கும் புரிந்துவிட்டதாம். தம்பி அளந்த தாள் கிடைக்குமா என்று கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நிர்வாகம் ஐந்து வாரம் காத்திருக்கத் தயார், ஆனால் என் தம்பிக்காக இல்லை! போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கிழிச்சுப் போட்டுட்டேன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"குடுத்துடு அக்கா" என்றான் தம்பி. "வளையத்தையும் சேத்து இருநூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு திருத்திக் குடு. அவனாவது ஒழுங்காப் போடட்டும்."

அன்றைக்கே அவன் பழைய கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, பதினெட்டாம் தேதி கிளம்புவதாகச் சொன்னான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது. பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இருபதாம் தேதி பெற்றோர் கூட்டமாம், யார் வருவார்கள் என்று எழுதித் தர வேண்டுமாம்.

"அம்மாவுக்கு லீவு கிடைக்காது. நீங்க வர்றீங்களா அத்தை?"

"வர்றேன் கண்ணு."

"அப்பான்னு பேனாவுல எழுதிட்டேன். அழியாது. அடிச்சுட்டு உங்க பேரு எழுதினா மிஸ் திட்டுவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பி கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினான். அவளுடைய பென்சில் டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து, அந்தச் சொல்லின் மேல் நேராக ஒரு கோடு போட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.